நேற்றுவரை அவனும் குழந்தைதானே!

வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைகள் நல மருத்துவர் பதில்

வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்ததும் முதல் குழந்தை படுத்தும் பாட்டைப் பற்றி இந்த இதழுக்கு நிறையக் கடிதங்கள். படிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போதும் 'பெரியவன் இப்படிச் செய்யலாமா', 'பெரியவளுக்குப் புரிய வேண்டாமா' என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் கைக்குழந்தை படுத்திருப்பதால் அவன் பெரியவனாகத் தெரிகிறான், அவ்வளவுதான். போன மாதம் இருந்த அதே வயதுதான் இப்போதும். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

*

என் மகனுக்கு மூன்றரை வயது. மகள் பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. எப்போதோ கழிப்பறைக்குப் போகப் பழகிவிட்டவன் இப்போது கால்சட்டையிலேயே போய்விடுகிறான். மழலையில் பேசுகிறான். பாட்டிலில் பால் வேண்டுமாம். நான் பால் கொடுக்க உட்கார்ந்தால் போதும், அந்த நிமிடம் அவனுக்கு ஏதாவது வேண்டும். 'நீ பெரிய பையன் இல்லையா' என்றால் இன்னும் மோசமாகிறான். மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?
— ஒரு வாசகி

இப்போதைக்கு வேண்டாம். ஆனால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பச்சிளங்குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு முறைக்கு அரை மணி என்று வைத்தால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம். அத்தனை நேரமும் அம்மா ஒரே இடத்தில் இன்னொருத்தியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவன் பார்க்கிறான். அந்த இன்னொருத்தி என்ன செய்து அம்மாவைப் பிடித்து வைத்திருக்கிறாள்? அழுகிறாள். துணியை நனைக்கிறாள். பேசத் தெரியவில்லை. தானாகச் சாப்பிடத் தெரியவில்லை. இதையெல்லாம் செய்தால் மடி கிடைக்கும் என்று அவன் முடிவுக்கு வந்தால் அதில் என்ன தப்பு? கெட்டிக்காரப் பிள்ளை என்றுதான் நான் சொல்வேன்.

நீங்கள் 'பெரிய பையன்' என்று சொல்வதைப் பாராட்டாக நினைக்கிறீர்கள். அவனுக்கோ அது 'உனக்கு இனி மடி கிடையாது' என்று கேட்கிறது. அதனால்தான் மோசமாகிறான். கொஞ்ச நாளைக்கு அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

பாட்டில் கேட்டால் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்க நேரம் ஆகும். பெரும்பாலான பிள்ளைகள் கொஞ்சம் குடித்துவிட்டு டம்ளரைத் தேடிப் போய்விடுவார்கள். இரவு படுத்துக்கொண்டே பாட்டிலில் குடிப்பது மட்டும் கூடாது, பல் சொத்தையாகும். மழலையில் பேசினால் திருத்தவும் வேண்டாம், கேலியும் வேண்டாம். 'பாப்பா மாதிரி இருக்கணும்னு ஆசையா இருக்கா? வா' என்று மடியில் போட்டு ஐந்து நிமிடம் ஆட்டுங்கள். சிசேரியன் ஆனவர்கள் முதல் ஆறு வாரத்துக்கு மூத்த பிள்ளையைத் தூக்கக் கூடாது. நீங்கள் உட்கார்ந்துகொண்டு, அவனே ஏறி மடிக்கு வரட்டும். ஈரமான கால்சட்டையைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம். 'நனைஞ்சிடுச்சு, மாத்திக்கலாம்.' அதோடு விடுங்கள்.

அடுத்தது பால் கொடுக்கும் நேரம். உட்காருவதற்கு முன்பே அவனைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடுங்கள், தண்ணீர் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு அவன் கேட்பதற்குப் பாதி விஷயங்கள் இருக்காது. மீதிப் பாதிக்கு ஒரு பெட்டி. பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும்தான் அது வெளியே வரும். உள்ளே ஸ்டிக்கர், வரையக் காகிதம், ஒரு புத்தகம், ஓட்ட ஒரு வண்டி. அவ்வப்போது ஒன்றிரண்டை மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் சீக்கிரமே சலித்துவிடும். குழந்தையின் தலை எந்தக் கையில் இருக்கிறதோ அதற்கு மறுபக்கம் அவனை ஒட்டி உட்கார வையுங்கள். புத்தகத்தை அவனே பிடித்துக்கொள்வான். நீங்கள் கதை சொன்னால் போதும். பால் குடிப்பவளுக்கு அதில் ஒரு தொந்தரவும் இல்லை. அவளுக்கு உங்கள் குரல் கேட்டால் சரி.

'பாப்பா பால் குடிக்கிறா, போ' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். எல்லாத் தடைக்கும் பாப்பாதான் காரணம் என்று ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்டால் யாருக்குத்தான் அந்தப் பாப்பாவைப் பிடிக்கும்? 'என் கை வேலையா இருக்கு, இது முடிஞ்சதும் உன்கிட்ட வர்றேன்' என்று பழியைக் கையின் மேல் போடுங்கள். எதிர்ப்பக்கமும் நடக்கட்டும். குழந்தை லேசாகச் சிணுங்கும்போது, அவன் காதில் விழும்படி, 'பாப்பா, கொஞ்சம் பொறு. அண்ணனுக்குச் சட்டை மாட்டிட்டு வர்றேன்' என்று சொல்லுங்கள். இரண்டு மாதக் குழந்தைக்கு அது புரியாது. யாருக்குப் புரிய வேண்டுமோ அவனுக்குப் புரியும்.

தினமும் பதினைந்து நிமிடம் அவனோடு மட்டும். குழந்தையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். என்ன விளையாட்டு என்று அவன் சொல்வான், நீங்கள் கேட்பீர்கள். அந்த நேரத்துக்கு அவனையே ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு அவன் எவ்வளவு அடம்பிடித்திருந்தாலும் அதை மட்டும் தண்டனையாக ரத்து செய்யாதீர்கள். அடம்பிடித்த நாளில்தான் அது அவனுக்கு அதிகம் தேவை.

இப்போது சிறுநீர்ப் பரிசோதனைக்கு வருவோம். பழகிய பிள்ளை திடீரென்று நனைக்க ஆரம்பித்தால், 'தங்கச்சி வந்த ஏக்கம்' என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அதுதான். ஆனால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், நாள்பட்ட மலச்சிக்கலாக இருக்கலாம், அரிதாகச் சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். நிறையத் தண்ணீர் குடிக்கிறான், அடிக்கடி சிறுநீர் போகிறான், எடை குறைகிறது என்றால் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இது தானாகச் சரியாகிவிடும்.

*

என் இரண்டு வயது மகள், பிறந்து மூன்று வாரமான தம்பியைக் கிள்ளுகிறாள். நேற்று கால் விரலைக் கடித்துவிட்டாள். கோபத்தில் அடித்துவிட்டேன். என் மனைவி பயந்துபோய் அவளைக் கிட்டவே விடுவதில்லை.
— ஒரு அப்பா

முதலில் பாதுகாப்பு. நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையையும் கைக்குழந்தையையும் ஒரே இடத்தில் தனியாக விடவே கூடாது. கதவைத் திறக்க, அடுப்பை அணைக்க, குளியலறைக்கு என்று எதற்கு எழுந்தாலும் இரண்டில் ஒருவர் உங்களோடு வர வேண்டும். 'ஒரு நிமிஷம்தானே' என்ற அந்த ஒரு நிமிஷத்தில்தான் விபத்துகள் நடக்கின்றன. இரவில் மூத்தவளையும் குழந்தையையும் ஒரே படுக்கையில் பக்கத்தில் பக்கத்தில் போடுவதும் ஆபத்து. தூக்கத்தில் கை, கால், போர்வை எது வேண்டுமானாலும் குழந்தையின் முகத்தின் மேல் விழலாம்.

அப்புறம், அவள் ஏன் செய்கிறாள் என்று பார்ப்போம். இரண்டு வயதில் ஒன்றைச் செய்ய நினைப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் இடைவெளியே கிடையாது. அதோடு, கிள்ளினால் என்ன நடக்கிறது பாருங்கள்: குழந்தை அலறுகிறது, அம்மா பதறுகிறாள், அப்பா ஓடி வருகிறார், எல்லோரும் அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். விரலை லேசாக அழுத்தினால் வீடே அதிர்கிறது. இவ்வளவு சக்தி வாய்ந்த பொத்தான் கிடைத்தால் திரும்பத் திரும்ப அழுத்தாமல் இருப்பாளா?

எனவே அந்தப் பொத்தானை வேலை செய்யவிடாதீர்கள். கை போகும்போதே பிடித்துக்கொள்ளுங்கள். குரலை உயர்த்தாமல், 'கிள்ள விடமாட்டேன், வலிக்கும்' என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் இரண்டாவது வாக்கியத்துக்குப் போனாலே அவள் காது மூடிக்கொள்ளும். குழந்தையை ஒருவர் தூக்கட்டும், இன்னொருவர் அவளைத் தூக்கட்டும். 'சாரி சொல்லு, முத்தம் கொடு' என்று வற்புறுத்த வேண்டாம். உள்ளே கோபம் இருக்கும்போது கொடுக்க வைத்த முத்தம் அடுத்த கடியில்தான் முடியும். அடி எதற்கும் உதவாது. சின்னவனை அடிக்காதே என்று சொல்லும்போதே அவளைவிடப் பல மடங்கு பெரிய நீங்கள் அவளை அடித்தால் அவள் எந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வாள்?

கிட்ட விடாமல் வைப்பதும் சரிப்படாது. தொடக் கூடாத இடங்களைச் சொல்லிக்கொண்டே இருக்காமல் தொடக் கூடிய இடத்தைக் காட்டுங்கள். பாதம். தரையில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் விரலைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அவன் இறுக்கிப் பிடித்துக்கொள்வான். பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் உள்ள அனிச்சைச் செயல் அது. ஐந்தாறு மாதம் வரை இருக்கும். அது அவளுக்குத் தெரியவா போகிறது? தன்னைத்தான் பிடித்துக்கொண்டான் என்று நினைப்பாள். நினைக்கட்டும். தலையைத் தொட்டுவிட்டாள், உச்சிக்குழி என்ன ஆகுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மேலே உறுதியான சவ்வு இருக்கிறது; மெதுவாகத் தடவினால் ஒன்றும் ஆகாது. அழுத்தக் கூடாது, எதையும் மேலே போடக் கூடாது.

அமைதியான நேரத்தில், தம்பியைப் பற்றி அவளிடம் ஓர் ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுங்கள். 'ஏன் அழறான்? வெளிச்சம் கண்ணுல படுதோ? பசிக்குதோ? நீ என்ன நினைக்கிற?' இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 40 குடும்பங்களின் வீட்டுக்கே போய், இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்தே கவனித்து, 1982-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆரம்ப வாரங்களிலேயே குழந்தையின் தேவைகளையும் உணர்வுகளையும் பற்றி மூத்த பிள்ளையோடு பேசிய அம்மாக்களின் வீடுகளில், பிள்ளைகள் பிற்பாடு ஒருவரோடு ஒருவர் அதிக நட்பாக இருந்தார்கள். செலவில்லாத வைத்தியம். இரண்டு வயதுக்குப் புரியுமா என்று யோசிக்காமல் செய்யுங்கள்.

உங்களுக்குத் தனியாக ஒன்று. மனைவி குழந்தையோடு இருக்கும் இந்த மாதங்களில் மகளின் பெரும்பகுதி உங்களிடம்தான். குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, வெளியே அழைத்துப் போவது எல்லாம் உங்கள் கணக்கு. குழந்தைக்குக் காவல்காரராக மட்டும் நின்றீர்களென்றால் அவளுக்கு அம்மாவும் போய், அப்பாவும் போய்விடுவார்.

*

ஏழாம் மாதம் நடக்கிறது. நாலு வயது மகளை எப்படித் தயார்ப்படுத்துவது?
— ஒரு வாசகி

வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது என்றால் இன்னும் சொல்லாமல் வைக்காதீர்கள். அக்கம்பக்கத்தார் வாயிலிருந்து அவளுக்குத் தெரிய வரக் கூடாது.

'உன்கூட விளையாட ஒரு பாப்பா வருது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வரப்போகிற ஆள் ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கும், விழித்திருந்தால் அழும், ஆறேழு வாரம் ஆகும்வரை முகம் பார்த்துச் சிரிக்கவும் தெரியாது. பந்தைத் தூக்கிக்கொண்டு தொட்டில் பக்கம் போய் ஏமாந்து நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். உள்ளதைச் சொல்லுங்கள். அவள் குழந்தையாக இருந்தபோது எடுத்த படங்களைக் காட்டி, அவளும் இப்படித்தான் அழுதாள், இப்படித்தான் எல்லோரும் தூக்கிக்கொண்டு நடந்தோம் என்று சொல்லுங்கள். அந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகளுக்கு அலுக்காது. ஏழாம் மாதத்தில் வயிற்றில் உள்ள குழந்தைக்கு வெளிச் சத்தம் கேட்கும். வயிற்றருகே அவளைப் பாடவோ பேசவோ சொல்லலாம்.

புதுப் படுக்கை, தனி அறை, பள்ளி என்று எந்த மாற்றமாக இருந்தாலும் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள், அல்லது குழந்தை பிறந்து சில மாதம் கழித்துச் செய்யுங்கள். பிறந்த அந்த வாரத்தில் செய்தால் தன் இடத்தைப் பிடுங்கிக் கொடுத்தார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வாள்.

நீங்கள் மருத்துவமனையில் இருக்கும்போது அவள் யாரோடு இருப்பாள், யார் தூங்க வைப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். வலி நடுராத்திரியில் வரலாம். 'நீ எழுந்திருக்கும்போது அம்மா இல்லேன்னா, பாப்பா பொறக்கிற நேரம் வந்திடுச்சுன்னு அர்த்தம். பக்கத்துல பாட்டி இருப்பாங்க' என்று இப்போதே சொல்லி வையுங்கள். தூங்கும்போது நழுவிப் போய்விட்டால், அதற்குப் பிறகு பல இரவுகளுக்குக் கண்ணை மூட மாட்டாள்.

முதல்முறை பார்க்க வரும்போது அம்மாவின் கை காலியாக இருக்க வேண்டும், குழந்தை தொட்டிலில் இருக்க வேண்டும் என்பார்கள். முடிந்தால் நல்லது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை பாலுக்கு அழுதால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, இன்னொரு கையை நீட்டுங்கள். 'தம்பி உனக்கு வாங்கிட்டு வந்த பரிசு' என்ற நாடகத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. நாலு வயதுப் பிள்ளை, 'அவன் எப்போ கடைக்குப் போனான்?' என்று கேட்பாள்.

*

எங்களுக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்து இன்குபேட்டரில் இருக்கிறது. ஐந்து வயது மகன் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. தூக்கம் கெட்டுவிட்டது, சரியாகச் சாப்பிடுவதில்லை. முன்பெல்லாம் 'எனக்குப் பாப்பா வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தான்.
— பெயர் வெளியிட விரும்பாத தாய்

உங்கள் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது, அம்மா. வேண்டாம் என்றான், பாப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது. ஐந்து வயதில் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ஏறக்குறைய ஏழு வயது வரை பிள்ளைகள் உலகத்தைத் தங்களை மையமாக வைத்தே புரிந்துகொள்கிறார்கள் என்று ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் விரிவாக எழுதியிருக்கிறார். நான் நினைத்தேன், அதனால் நடந்தது. கேள்வி கேட்காமல் இருப்பது அக்கறை இல்லாததால் இருக்காது. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற பயமாகத்தான் இருக்கும்.

அவன் கேட்கக் காத்திருக்க வேண்டாம். இருவரும் எங்காவது நடந்துகொண்டிருக்கும்போதோ, முகத்தை நேருக்கு நேர் பார்க்காத ஒரு வேலையில் இருக்கும்போதோ நீங்களே ஆரம்பியுங்கள். 'பாப்பா ரொம்பச் சீக்கிரம் பொறந்துட்டா. மூச்சு விடுற நுரையீரல் இன்னும் முழுசா வளரல. அதான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள சூடா வெச்சிருக்காங்க. யாரும் சொன்னதாலயோ நினைச்சதாலயோ இப்படி ஆகல. சில பிள்ளைங்க பாப்பா வேணாம்னு சொல்லுவாங்க, கோபமா இருப்பாங்க. அதனால பாப்பாவுக்கு உடம்பு கெட்டுப்போகாது. சொல்றதுக்கு அவ்வளவு சக்தி கிடையாது.' நீ சொன்னாயே என்று அவனைச் சுட்டாமல், 'சில பிள்ளைகள்' என்று சொல்வது முக்கியம். உடனே அவன் அழலாம், அல்லது ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிவிடலாம். எப்படி இருந்தாலும் சில நாள் கழித்து மறுபடி சொல்லுங்கள்.

எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 'டாக்டர்கள், நர்ஸ்கள் எல்லாரும் பார்த்துக்கறாங்க, தினமும் என்ன ஆச்சுன்னு உன்கிட்ட சொல்றேன்' என்பது போதும்; சொன்னபடி தினமும் சொல்லுங்கள். அவன் வரைந்த படம் ஒன்றைப் பெட்டிக்கு அருகில் ஒட்ட அனுமதிப்பார்களா என்று வார்டில் கேளுங்கள். ஒட்டியதைப் போட்டோ எடுத்து அவனிடம் காட்டுங்கள். நேரில் பார்க்க விடுகிற மருத்துவமனையாக இருந்தால், குழாய்கள், ஒயர்கள், சத்தமிடும் கருவி எல்லாவற்றையும் முதலில் போட்டோவில் காட்டி, ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள். இருமலோ காய்ச்சலோ இருந்தால் அன்று வேண்டாம்.

*

பேரனிடம் விளையாட்டுக்கு, 'தம்பி வந்துட்டான், இனி உன்னை யாரு கண்டுக்கப் போறா?' என்று சொன்னேன். மருமகள் கோபித்துக்கொண்டாள். இதில் என்ன தப்பு?
— ஒரு பாட்டி

அவன் ராத்திரியெல்லாம் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விக்கு நீங்கள் பதிலையே சொல்லிவிட்டீர்கள், அம்மா. மருமகள் பக்கம்தான் நான். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் வாசலிலேயே சொல்லுங்கள்: முதலில் மூத்தவனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அப்புறம் தொட்டிலுக்குப் போகட்டும். தம்பியைக் காட்டும் வேலையை அவனிடமே கொடுத்தால் இன்னும் நல்லது.

*

மூத்தவனுக்குச் சளி, இருமல். ஒரு மாதக் குழந்தையைத் தொட விடலாமா?
— ஒரு வாசகர்

சளி ஆறும்வரை முகத்துக்கு முகம் வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பாதத்தைத் தொடலாம். முகத்தில் முத்தம் எப்போதுமே வேண்டாம். உதட்டோரம் கொப்புளம் வந்திருக்கிற யாருமே, பெரியவர்களானாலும், பிறந்த குழந்தையை முத்தமிடக் கூடாது. அந்த வைரஸ் பச்சிளங்குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். கக்குவான் இருமல் வீட்டில் உள்ள மூத்த பிள்ளைகளிடமிருந்தும் குழந்தைக்குத் தொற்றும் என்பதால் அவனுடைய தடுப்பூசிகள் பாக்கி இல்லாமல் இருக்கட்டும். மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், கைமருந்து பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். அவனைத் தள்ளி வைக்கும் நாட்களில், 'உன்னால் பாப்பாவுக்கு வந்துவிடும்' என்று சொல்லாமல், 'சளிதான் போகணும், நீ இங்கேயே என் பக்கத்துல இரு' என்று சொல்லுங்கள்.

*

இரண்டாவது குழந்தை பெற்று மூத்தவளுக்குத் துரோகம் செய்துவிட்டேனோ என்று தினமும் அழுகிறேன்.
— ஒரு வாசகி

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிரெண்டா வாலிங் என்ற உளவியலாளர் 241 குடும்பங்களைக் கர்ப்ப காலத்திலிருந்து, குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை தொடர்ந்து பார்த்தார். பெரும்பாலான மூத்த பிள்ளைகள் பெரிய சிக்கல் இல்லாமல் பழகிக்கொண்டார்கள். கொஞ்சம் ஆட்டம் காட்டுவார்கள், சமாளித்துக்கொள்வார்கள். எனவே உங்கள் மகளைவிட உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பிரசவமான முதல் சில நாட்களில் அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலும் தினமும் அழுகை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராதது, எதிலும் பிடிப்பில்லாதது என்று நீண்டால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, குணமாகும். இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தையையோ உங்களையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தால் வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றே வீட்டில் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

*

எனக்கு 13 வயது. அம்மாவுக்கு இப்போது பாப்பா பிறந்திருக்கிறது. ஸ்கூலில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் 'பாப்பாவைப் பிடி, துணியை மடி' என்று வேலை. எனக்குப் பாப்பாவைப் பார்த்தால் பாசமே வரவில்லை. நான் கெட்ட பெண்ணா டாக்டர்?
— ஒரு மாணவி

இல்லை கண்ணம்மா. பாசம் பிறந்த அன்றே வந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. அம்மாக்களுக்கே சிலருக்குச் சில வாரம் ஆகும், வெளியே சொல்ல மாட்டார்கள். நீ சொல்லிவிட்டாய்.

கேலி செய்கிறவர்களிடம் விளக்கம் சொல்லி மாளாது. 'ஆமா, பாப்பா பொறந்திருக்கு. அதுக்கென்ன?' என்று ஒரே வரியில் முடித்துவிடு. சுவாரசியம் போய்விடும்.

வேலை விஷயத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. அம்மா அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. அடுத்த வரிகள் அவர்களுக்கு. அவளிடம் உதவி கேட்கலாம், தப்பில்லை. ஆனால் என்ன வேலை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று அவளையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். மீதி நேரம் அவளுடையது. இரவில் குழந்தை அழுகிற அறையில் அவளைப் படுக்க வைக்காதீர்கள்; இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. வாரத்தில் ஒரு நாளாவது இருவரில் ஒருவர் அவளோடு வெளியே போங்கள், பாப்பா இல்லாமல், பாப்பாவைப் பற்றிப் பேசாமல். பெண் பிள்ளை என்பதால் தானாகவே இரண்டாவது அம்மாவாகிவிடுவாள் என்று நினைக்காதீர்கள். அவளுக்குப் பரீட்சை இருக்கிறது, தோழிகள் இருக்கிறார்கள், அவளுக்கே உடம்பும் மனசும் மாறிக்கொண்டிருக்கிற வயது.

*

ஆறேழு மாதம்வரை தங்கையை நன்றாகக் கொஞ்சிக்கொண்டிருந்த ஐந்து வயது மகள் இப்போது தள்ளுகிறாள், கத்துகிறாள். தங்கைக்கு ஒன்பது மாதம். இத்தனை நாள் கழித்து எதற்கு இந்தப் பொறாமை?
— ஒரு வாசகி

தங்கை தவழ ஆரம்பித்துவிட்டாள் அல்லவா? இத்தனை நாள் தொட்டிலில் கிடந்த ஆள், இப்போது நேராக வந்து அக்கா அடுக்கிய கோபுரத்தைத் தட்டிவிடுகிறாள், படத்தைக் கசக்குகிறாள், பொம்மையின் காதைச் சப்புகிறாள். பற்றாததற்கு வீட்டில் எல்லோரும் 'சின்னப் பாப்பாதானே, விட்டுக்கொடு' என்கிறார்கள். இதைப் பொறாமை என்று சொல்லாதீர்கள். உங்கள் மேசையில் உள்ள காகிதங்களை ஒருவர் தினமும் கிழித்துப்போட்டால் உங்களுக்கு வருகிற அதே கோபம்தான்.

அவளுக்குத் தங்கையின் கைக்கு எட்டாத இடம் ஒன்று வேண்டும். ஒரு மேசையின் மேற்பகுதி போதும், அல்லது கதவுக்குக் குறுக்கே தடுப்பு வைத்த ஒரு மூலை. பாதியில் விட்ட கோபுரம் மறுநாள்வரை அங்கேயே நிற்க வேண்டும். அவளுடைய மணிகள், சின்னச் சக்கரங்கள், நாணயம், பட்டன் பேட்டரி போட்ட பொம்மைகள் எல்லாம் அங்கேதான். சுமார் 4 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாய்க்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளும் ஒன்பது மாதக் குழந்தையின் தொண்டையில் சிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஷ்யூ பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாய் ஒன்றைக் கொடுத்து, எது உள்ளே போகிறது, எது போகவில்லை என்று அவளையே சோதிக்கச் சொல்லுங்கள். மிகுந்த உற்சாகமாகச் செய்வாள். பட்டன் பேட்டரியைத் தங்கை விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே போதும். வீட்டில் உட்கார்ந்து காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பொது இடத்தில் கிடக்கிற பொம்மைகள் இருவருக்கும் சொந்தம். மேசை மேல் இருப்பவை அவளுக்கு மட்டும். தங்கை அதைக் கேட்டு அழுதால் அவளிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 'மாட்டேன்' என்றால் மாட்டேன்தான். அழுகிற தங்கையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கு நீங்கள் போய்விடுங்கள்.